பார்வைகள் ஏறுகின்றன, புத்தகம் ஏன் நகரவில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்கள் சமய நூல்களைத் தொடுவதே இல்லை என்ற ஆதங்கம் வாசகர் கடிதங்களில் அடிக்கடி எழுகிறது. "யூடியூபில் தொடராகப் போடுங்கள், தானாக வாங்குவார்கள்" என்ற யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. பலரும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்வைக் கணக்கு ஆயிரங்களில் ஏறுகிறது. கிடங்கில் கட்டு பிரிக்காத புத்தகங்கள் அப்படியே கிடக்கின்றன. சமய நூல் பதிப்பிலும் காணொளித் தயாரிப்பிலும் இருப்பவர்கள் என்ற முறையில், இது ஏன் நடக்கிறது, எங்கே சரிசெய்யலாம் என்று எழுதுகிறோம். எந்தச் சமயத்து நூலானாலும் இதில் சொல்வது பொருந்தும்.

தொடர் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, வெறும் விளம்பரம்: அட்டைப்படம் சுழலும், புல்லாங்குழல் ஒலிக்கும், "இன்றே வாங்கிப் பயனடைவீர்" என்று முடியும். மற்றொன்று, முழுநீளச் சொற்பொழிவு: நூலில் இருப்பதையெல்லாம் நாற்பது நிமிடத்தில் பேசித் தீர்த்துவிடுவது. முதலாவதை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. இரண்டாவதைப் பார்த்து முடித்தவருக்கு நூலே தேவைப்படுவதில்லை. விற்பனைக்கு உதவும் தொடர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் ஒரு கேள்வியை எழுப்பி, அதில் பாதியைத் தீர்த்து, மீதிப் பாதி நூலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அத்தியாய எண்ணோடு காட்டிவிட்டு நகர வேண்டும். பார்ப்பவர் கையில் நூல் இருந்தால்தான் அடுத்த பகுதி முழுதாய்ச் சுவைக்கும் என்ற நிலை வர வேண்டும். மற்றதெல்லாம் இதற்குத் துணைவேலைதான்.

ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பகவத் கீதை உரை ஒன்றை இருபது வயதுக்காரர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "கீதையின் பெருமைகள்" என்று தொடங்கினால் பத்தாவது விநாடியிலேயே விரல் அடுத்த காணொளிக்குப் போய்விடும். மாறாக, எல்லோருக்கும் தெரிந்த "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்ற வரியை எடுத்து, "இதில் பாதி காணாமல் போயிருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். 2ஆம் அத்தியாயம் 47ஆம் சுலோகத்துக்கு நான்கு பாதங்கள். செயலில்தான் உனக்கு உரிமை என்பது முதல் பாதம்; பலனில் ஒருபோதும் இல்லை என்பது இரண்டாவது; பலனைக் குறியாக வைத்துச் செயல்படாதே என்பது மூன்றாவது; செயலாற்றாமல் இருப்பதிலும் பற்று வைக்காதே என்பது நான்காவது. ஊர்வாயில் உலவும் வரி முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. வேலை தேடிச் சலித்து, "எதிர்பார்ப்பே வேண்டாம், சும்மா இருந்துவிடலாம்" என்று உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு அந்த நான்காவது பாதம்தான் நேராகப் பேசுகிறது. அதை மட்டும் விளக்கிவிட்டு, "சும்மாவும் இருக்கக் கூடாது, பலனையும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்றால் மனத்தை எங்கே நிறுத்துவது? பதில் அடுத்த சுலோகத்திலேயே இருக்கிறது, 2.48" என்று முடித்துவிடலாம். 48ஐப் படித்துக் காட்டக் கூடாது. அந்த ஆசையை அடக்கத்தான் பேச்சாளர்களுக்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இதே நூலுக்கு இன்னொரு பகுதி: "எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது" என்று சுவரொட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் கீதாசாரமாக அச்சாகும் வாசகம் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று தேடச் சொல்வது. கீதையின் 700 சுலோகங்களில் அது இல்லை. தேடுபவர் தேடுகிற சாக்கில் பதினெட்டு அத்தியாயங்களையும் புரட்டிவிடுவார். பைபிளின் சங்கீதப் புத்தகத்துக்கு 13ஆம் சங்கீதம் நல்ல வாசல். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. பிரார்த்தனை என்றால் பணிவாகக் கேட்பது மட்டும்தான் என்று நினைப்பவருக்கு, இறைவனிடம் இப்படிச் சண்டை போடலாமா என்ற வியப்பே போதும். ஐந்தாவது வசனத்தில் பாட்டு எப்படித் திரும்புகிறது என்பதை அவர் நூலில் பார்க்கட்டும். திருக்குர்ஆனில் 93ஆம் அத்தியாயத்துக்குப் பதினோரு வசனங்கள். நபிகளுக்கு வஹீ என்ற இறைச்செய்தி சிலகாலம் வராமல் நின்றிருந்த பின்பு இறங்கியது என்பது மரபு. கைவிடப்பட்டோமோ என்று தவிக்கும் வயதுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைப்பது அரிது. அப்பரின் "நாமார்க்கும் குடியல்லோம்" பதிகமும் அப்படித்தான்: அரசன் அழைத்தபோது வர மறுத்துப் பாடியது என்று மரபு சொல்கிறது. அதற்கு வேறு முன்னுரையே வேண்டாம்.

இடத்தைச் சொல்லும்போது பக்க எண்ணைச் சொல்லாதீர்கள். மறுபதிப்பில் பக்கம் மாறும்; மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினாலே மாறிவிடும். அத்தியாயம், சுலோகம், வசனம், பதிகம் என்று நூலுக்கு உள்ளேயே இருக்கும் எண்ணைச் சொன்னால் எந்தப் பதிப்பிலும் கிடைக்கும். உரைநடை நூலாக இருந்தால் இயல் எண்ணும் துணைத்தலைப்பும் போதும்.

எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டு நிமிடம். புதிய தொடருக்கு இந்த அளவைத்தான் பரிந்துரைப்போம். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் போகும். ஏழு நிமிடத்துக்கு எழுநூறு சொல்லில் எழுத்துப்படி வேண்டும். அதற்கு மேல் எழுதியிருந்தால் பேச்சு ஓட்டமாகிவிடும், அல்லது வெட்டும்போது பாட்டின் நடுவில் கத்திரி விழும். எட்டையும் எடுத்து முடித்துவிட்டு முதல் பகுதியை வெளியிடுவதே நல்லது. முடியாவிட்டால் குறைந்தது நான்கு பகுதிகள் கையிருப்பில் இருக்க வேண்டும். வாரம் ஒன்று, ஒரே கிழமை, ஒரே நேரம். மூன்றாவது வாரத்தில் பேச்சாளருக்குத் தொண்டை கட்டி, நான்காவது வாரம் தொடர் நின்றுபோவது இந்தத் துறையில் சர்வசாதாரணம். நின்ற தொடரை மறுபடி எழுப்புவதைவிடப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது எளிது.

முதல் முப்பது விநாடியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் தங்கியிருக்கும் விதத்தைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. முப்பதாவது விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்பதைத் தனியாகவே சொல்லும். சமயத் தொடர்களில் அந்தக் கோடு செங்குத்தாகச் சரிவதற்குக் காரணம் ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான்: நிறுவனச் சின்னம் சுழலும் பத்து விநாடி, பிறகு இறைவணக்கம், பிறகு பேச்சாளரின் பட்டங்கள், பிறகு "சென்ற வாரம் நாம் பார்த்தது". இறைவணக்கத்தை நீக்கச் சொல்லவில்லை. அது நூலின் மரபு. கேள்வியை முதலில் வைத்துவிட்டு, இருபதாவது விநாடிக்குப் பிறகு வணக்கம் வரட்டும். பட்டங்கள் திரையின் கீழே ஒரு வரியாக ஓடினால் போதும். சென்ற வாரத்துக் கதைச்சுருக்கம் வேண்டவே வேண்டாம். தேடலின் வழியாக ஐந்தாம் பகுதிக்கு நேராக வந்து விழுபவரே அதிகம். ஒவ்வொரு பகுதியும் தன்காலில் நிற்க வேண்டும்.

தனியொருவர் உபதேசிப்பதைவிட இருவர் உரையாடுவது இந்த வயதினரிடம் எடுபடுகிறது. ஆனால் கேள்வி கேட்பவர் ஆமாம்சாமியாக இருந்தால் அதைவிடக் கேடு வேறில்லை. "அப்படியா ஐயா, அருமை ஐயா" என்று தலையாட்டுவதற்கு ஓர் ஆளை உட்காரவைப்பதை இளைஞர்கள் உடனே கண்டுகொள்வார்கள். கேட்பவருக்கு நூலை இரண்டு வாரம் முன்பே கொடுத்து, உண்மையாகவே புரியாத இடங்களை, உடன்பட முடியாத இடங்களைக் குறித்துவரச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளை உரையாசிரியருக்கு முன்கூட்டிக் காட்டக் கூடாது என்பது எங்கள் கருத்து. காட்டினால் பதில் மனப்பாடமாகி வரும். பெரியவர்கள் சங்கடப்படுவார்கள்தான். சங்கடம் திரையில் தெரிந்தால் நல்லதே.

படத்தைவிட ஒலிக்குச் செலவிடுங்கள். வழிபாட்டுக்கூடத்தில் எடுத்தால் பார்க்க அழகாயிருக்கும். கல்தளமும் உயர்ந்த கூரையும் எதிரொலித்துச் சொல்லை மெழுகிவிடும். சட்டையில் குத்தும் மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் பொருத்தி, திரைச்சீலையும் புத்தக அலமாரியும் உள்ள சிறிய அறையில் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. பின்னணி இசை பேச்சைவிட 18 முதல் 20 டெசிபல் தாழ்ந்திருக்கட்டும்; பாட்டோ மந்திரமோ ஓதும் இடத்தில் இசையே வேண்டாம். யூடியூப் உரத்த ஒலியை மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்ற மட்டத்துக்கு இறக்கிவிடும். மெலிந்த ஒலியை உயர்த்தித் தராது. ஆகவே அந்த மட்டத்துக்கே சரிசெய்து ஏற்றுங்கள். குறைவாக ஏற்றினால், முந்தைய காணொளியைப் பார்த்துவிட்டு வருபவருக்கு உங்கள் பேச்சாளர் முனகுவதுபோல் கேட்கும்.

நூலைத் திரையில் காட்டும்போது வரும் இடைஞ்சல் வேறு. பளபளக்கும் லேமினேஷன் அட்டையில் விளக்கு அப்படியே பிரதிபலிக்கும். விளக்கைப் பக்கவாட்டில் 45 பாகைச் சாய்வில் வைத்து, கேமராவை நேர்மேலே வைக்க வேண்டும். உள்பக்கத்தை முழுதாகக் காட்டினால் கைப்பேசியில் ஓர் எழுத்தும் தெரியாது. வேண்டிய இரண்டு வரியை மட்டும் திரை அகலத்துக்கு நெருங்கிக் காட்டுங்கள். எழுத்தாகத் தட்டச்சிட்டுக் காட்டுவதானால் ஒரு திரைக்குப் பன்னிரண்டு சொல்லுக்குமேல் வேண்டாம்.

தட்டச்சில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. பழைய அச்சுக்கோப்புகள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கும். அதை எடிட்டிங் மென்பொருளில் ஒட்டினால் குப்பையாக விழும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும், மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இயக்காவிட்டால் "கொ" என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஏற்றுமதி செய்த கோப்பை, எடிட் செய்தவரைத் தவிர வேறொருவர் கைப்பேசியில் ஓடவிட்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தாக வேண்டும். சமய நூலில் ஒரு கொம்பு இடம்மாறினால் பின்னூட்டம் முழுக்க அதைப் பற்றியே இருக்கும். நூலைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்.

பேச்சோடு திரையில் ஓடும் வசனவரிகளும் (சப்டைட்டில்) அப்படியே. தானியங்கி எழுத்துப்படி அன்றாடப் பேச்சை ஓரளவு பிடிக்கும். சந்தி சேர்ந்த பாட்டு வரியையும் வடமொழி, அரபுச் சொற்களையும் கண்டபடி எழுதும். வசனவரிகள் அடங்கிய எஸ்ஆர்டி கோப்பைக் கையால் திருத்தி ஏற்றுவது ஏழு நிமிடப் பகுதிக்கு ஒரு மணிநேர வேலைதான். பேருந்திலும் வகுப்பிலும் ஒலியை மூடிக்கொண்டு பார்ப்பவர்கள் பலர் என்பதால் அந்த ஒரு மணிநேரம் வீணாகாது.

உரிமை விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். மூலநூல் பழமையானது, யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் மொழிபெயர்ப்புக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு. ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு என்பது பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கை வைக்கும் கீழ்வரம்பு. இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. நூலை அச்சிட வாங்கிய ஒப்பந்தத்தில் காணொளியில் வாசிக்கும் உரிமையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்காது. பாட்டு பழையது என்பதால் பாடிய ஒலிப்பதிவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. கேசட் காலத்துப் பதிவைப் பின்னணியில் ஓடவிட்டால் உரிமையுள்ள பதிவுகளைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் கண்டென்ட் ஐடி பிடிக்கும். அதன்பின் உங்கள் காணொளியில் விளம்பரம் ஓடி, வருமானம் வேறொருவருக்குப் போகும். தேவையான நான்கு வரியை உங்கள் குழுவிலேயே ஒருவர் பாடிப் பதிவுசெய்வதே தொல்லையில்லாத வழி.

புராணக் கதையையோ நபிமார் வரலாற்றையோ அனிமேஷனாகச் செய்யலாமே என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்ணச் சித்திரக் கதையைக் குழந்தைகளுக்கானது என்று யூடியூப் வகைப்படுத்திவிட வாய்ப்பு அதிகம். 2020 ஜனவரி முதல், அப்படி வகைப்பட்ட காணொளிகளில் பின்னூட்டம் கிடையாது, முடிவில் இணைப்புகளைக் காட்டும் இறுதித்திரை கிடையாது. இருபது வயதுக்காரரை நூலுக்கு அழைத்துச்செல்லும் கதவுகள் எல்லாம் மூடிக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவுப் படங்களில் வேறு சிக்கல்: தெய்வத்தின் கையில் தவறான ஆயுதம் முளைக்கும், உருவமே காட்டக் கூடாத மரபில் உருவம் வந்து நிற்கும். அந்தக் குரல்களோ சீர் பிரிக்கத் தெரியாமல் பாட்டை உரைநடையாகப் படிக்கின்றன. பணம் மிச்சம் என்று இதில் இறங்கினால் போவது நூலின் நம்பகத்தன்மை. மலிவான இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அரங்க அலங்காரத்தில் பிடியுங்கள்.

குறுங்காணொளிகளுக்கு வருவோம். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் 40 முதல் 60 விநாடியில் மூன்று துண்டுகள், 9:16 அளவில். 2024 அக்டோபர் முதல் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம்வரை நீளலாம் என்று ஆகியிருக்கிறது. நீளமுடியும் என்பதற்காக நீட்ட வேண்டியதில்லை. அகலப் படத்தை நடுவில் வெட்டினால் இருவர் உரையாடலில் இருவரும் பாதி முகமாகத் தெரிவார்கள். எடுக்கும்போதே இரண்டாவது கேமராவை நிமிர்த்தி வையுங்கள். கீழே ஐந்தில் ஒரு பங்கைத் தலைப்பும் பொத்தான்களும் மறைக்கும், வரிகளை அதற்கு மேலே வையுங்கள்.

இந்தத் துண்டுகள்தான் ஆள் சேர்ப்பவை. ஆனால் நேராக நூல் விற்பவை அல்ல. காரணம் மிகச் சாதாரணமானது. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விவரக்குறிப்பிலும் பின்னூட்டத்திலும் போடும் இணைப்பு அழுத்தினால் திறப்பதில்லை. இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்திலும் அப்படியே. இது தெரியாமல் "லிங்க் கீழே இருக்கிறது" என்று பேசிப் பதிவுசெய்த தொடர்களை இன்றும் பார்க்கிறோம். ஷார்ட்ஸில் தொடர்புடைய காணொளியை இணைக்கும் வசதி இருக்கிறது. அதில் முழுப்பகுதியைக் கொடுங்கள். முழுப்பகுதியின் விவரக்குறிப்பில் முதல் வரியிலேயே நூல் இணைப்பு இருக்கட்டும். இரண்டு மூன்று வரிக்குக் கீழே போனால் "மேலும்" என்பதை அழுத்தினால்தான் தெரியும், யார் அழுத்துகிறார்கள்? அதே இணைப்பை முதல் பின்னூட்டமாகவும் போட்டு மேலே பொருத்திவையுங்கள். சரிபார்ப்பு முடியாத புதிய சேனலில் விவரக்குறிப்பு இணைப்பு வெறும் எழுத்தாகவே நிற்கக்கூடும் என்பதால், வெளியிட்ட உடனே வேறொருவர் கைப்பேசியில் அழுத்திப் பாருங்கள். இறுதித்திரை கடைசி 5 முதல் 20 விநாடிக்கு வரும். அதில் வெளித்தளத்தின் இணைப்பைப் போட யூடியூப் பங்குதாரர் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் அடுத்த பகுதியையே வையுங்கள்.

இணைப்பு எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் பெரும்பாலான விற்பனை செத்துப்போகிறது. பதிப்பகத்தின் முகப்புப் பக்கத்துக்குப் போகும் இணைப்பு பயனற்றது. முந்நூறு நூல்களுக்கு நடுவே இந்த நூலைத் தேடி எடுக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. நூலின் பக்கத்துக்கே போக வேண்டும். காணொளியில் காட்டிய அதே அட்டைப்படம் அங்கே இருக்க வேண்டும். புதுப்பதிப்பின் அட்டை மாறியிருந்தால் இது வேறு நூலோ என்று தயங்குவார்கள். இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்து அழுத்தினால் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு சிறு உலாவி திறக்கும். அதில் பயனரின் கணக்கும் கடவுச்சொல்லும் சேமிப்பில் இருக்காது, பணம் செலுத்தும் பக்கம் சிலவேளை திறக்காமலே நிற்கும். அங்கே "உலாவியில் திற" என்று ஒரு வரி எழுதிவைத்தாலே பலர் தப்பிப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நூல் கையிருப்பில் இருக்கிறதா? மறுஅச்சு வாரக்கணக்கில் இழுக்கும். தொடரின் நடுவில் "இருப்பில் இல்லை" என்று பக்கம் காட்டினால் அந்த வாசகர் திரும்ப வருவதில்லை.

உடனே வாங்காதவருக்கு ஒரு படி கீழே ஏதாவது வேண்டும். ஒரு முழு இயலை இலவசமாகக் கொடுங்கள். முன்னுரையையும் வாழ்த்துரையையும் கொடுத்து ஏமாற்றாதீர்கள். கைப்பேசியில் படிக்க ஈபப் என்ற மின்னூல் கோப்பே வசதி. அச்சுக்குப் போன பிடிஎஃப் அப்படியே போனால் விரலால் இழுத்து இழுத்து ஒரு பக்கம் படிப்பதற்குள் அலுத்துவிடும்.

விளம்பரத்துக்குப் பணம் கட்டி "இந்தச் சமயத்து இளைஞர்களுக்கு மட்டும் காட்டுங்கள்" என்று கேட்கலாம் என நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். சமய நம்பிக்கையை வைத்து ஆட்களைக் குறிவைக்க கூகுள் விளம்பரக் கொள்கை அனுமதிப்பதில்லை. மெட்டாவும் சமயம் சார்ந்த நுண்தெரிவுகளை 2022 ஜனவரியில் நீக்கிவிட்டது. இது சரியான தடை என்றே நினைக்கிறோம். யார் என்ன நம்புகிறார் என்று பட்டியலிட்டு வைப்பது நல்லதுக்கு அல்ல. நடைமுறையில் இதன் பொருள், சரியான ஆளைத் தேடிப்பிடிக்கும் வேலையைத் தலைப்பும் முதல் கேள்வியும்தான் செய்ய வேண்டும்.

பின்னூட்டப் பகுதிக்கு ஒருவரைத் தனியாக நியமியுங்கள், குறைந்தது முதல் ஒரு நாளுக்கு. வசைச்சொற்களைத் தடைப்பட்டியலில் முன்பே ஏற்றிவையுங்கள். ஆனால் நேர்மையான ஐயத்தை அழிக்காதீர்கள். வசன எண்ணோடு பதில் சொல்லுங்கள். அடுத்த தொடருக்கான எட்டுத் தலைப்பும் அங்கிருந்தே கிடைக்கும். பிற சமயத்தோடு ஒப்பிட்டுப் பேசும் பகுதி வேண்டாம் என்று பேச்சாளரிடம் எழுத்திலேயே கேட்டுவாங்குங்கள். ஒழுக்கம் ஒருபுறமிருக்க, வியாபாரமாகப் பார்த்தாலும் நட்டமே: சண்டை பிடிக்க வருபவர்களால் பார்வை எகிறும், தளமும் அத்தகையவர்களையே மேலும் மேலும் அழைத்துவரும். அவர்கள் யாரும் நூல் வாங்குவதில்லை. தொடரைத் தயாரிப்பது யார் என்பதையும் மறைக்க வேண்டாம். பொதுவான வாழ்க்கை ஆலோசனைபோல் தொடங்கி ஆறாவது பகுதியில் சமயம் வெளிப்பட்டால், ஏமாற்றப்பட்டதாக உணர்பவர் நூலையும் சேர்த்துத் தூக்கிப்போடுவார்.

கணக்கைப் பார்க்கும்போது பார்வை எண்ணைக் கடைசியில் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி யூடிஎம் குறியீடு (எந்த இணைப்பின் வழியாக வந்தார் என்று காட்ட முகவரியில் சேர்ப்பது), தனிச் சலுகைச்சொல் கொடுத்திருந்தால் எந்தப் பகுதி எத்தனை பேரை நூலின் பக்கம்வரை கொண்டுவந்தது, எத்தனை பேர் இலவச இயலை இறக்கினார்கள், எத்தனை ஆணை வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். இணைப்பை அழுத்தியவர் பலர், வாங்கியவர் சிலர் என்றால் கோளாறு விற்பனைப் பக்கத்தில். அழுத்தியவரே இல்லையென்றால் கோளாறு பகுதியின் முடிவில், அதாவது எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டீர்கள். முதல் வாரத்தோடு தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சமய நூல் மெதுவாக விற்பது; திருவிழா, நோன்புக் காலங்களில் பழைய பகுதிகள் தாமாகவே மேலே வரும். மூன்று மாதக் கணக்கை வைத்துப் பேசுவதே நியாயம்.

பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு வாங்குபவர் உண்டு: இளைஞர் வாசிப்புக் குழு நடத்துபவர். ஏழு நிமிடக் காணொளியைக் காட்டி ஒரு மணிநேரம் பேசவைக்க அவருக்கு ஏதாவது தேவை. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பக்கத்தில் ஐந்து கேள்விகளும் படித்துவர வேண்டிய இடங்களும் கொண்ட வழிகாட்டி ஒன்றை இலவசமாகக் கொடுத்தால், அவர் ஒரு பிரதி அல்ல, பத்துப் பன்னிரண்டு பிரதிகளாக வாங்குவார். சேர்த்து வாங்குபவருக்கான விலையை விற்பனைப் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதிவையுங்கள். "தொடர்புகொள்ளவும்" என்று போட்டால் தொடர்புகொள்ளமாட்டார். எங்கள் அனுமானத்தில் தனி வாசகரைத் துரத்தும் உழைப்பில் பாதியை இந்தப் பக்கம் திருப்பினாலே பலன் தெரியும்.

நூலிலிருந்து காணொளிக்குப் போகும் வழியையும் மறக்க வேண்டாம். மறுஅச்சில் அந்தந்த இயலின் தொடக்கத்தில் கியூஆர் கோடு அச்சிடலாம். யூடியூப் முகவரியை நேராகக் குறியீடாக்கினால், காணொளியை மாற்றி ஏற்றும் நாளில் அச்சான பிரதிகள் எல்லாம் செத்த இணைப்போடு நிற்கும். உங்கள் சொந்தத் தள முகவரி ஒன்றைக் கொடுத்து அங்கிருந்து திருப்பிவிடுங்கள். முகவரி குறுகினால் குறியீட்டின் கட்டங்களும் குறையும், எளிதில் படியும்.

தங்கள் நாளிதழின் நூல் மதிப்புரைப் பகுதிக்கும் இதே அடிப்படையில் ஒரு வேண்டுகோள். மதிப்புரையின் கீழே பதிப்பகம், விலையோடு நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணையும் மாதிரி இயலுக்கான கியூஆர் கோடையும் சேர்த்து வெளியிடலாம். செய்தித்தாளில் மை சற்றே பரவும் என்பதால் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத அளவில், வெள்ளைமீது கறுப்பாக, சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட்டு, மடிப்புக்கோட்டில் விழாமல் அச்சிட வேண்டியிருக்கும். அச்சுக்குத் தகுந்த கோப்பைப் பதிப்பகங்களே அனுப்ப வேண்டும் என்று தாங்கள் விதித்தால், அனுப்புவதில் அவர்களுக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
சமய நூல் பதிப்பிலும் காணொளித் தயாரிப்பிலும் பணிபுரியும் வாசகர்கள்